பூட்டைத் திறப்பவர் எல்லாம் திருடரா?

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஐதராபாத் போலீசார் ஒருவரைக் கைது செய்தனர். புதிய தெலுங்குப் படங்களை ‘ஐபொம்மா’ என்ற இணையதளத்தின் மூலம் கள்ளத்தனமாக வெளியிட்டு வந்தவர் இவர் என்பது போலீஸ் தரப்பின் குற்றச்சாட்டு. தெலுங்குத் திரையுலகின் முன்னணிப் பிரமுகர்கள் போலீஸ் கமிஷனரை நேரில் சந்தித்து நன்றி தெரிவித்தனர்.

ஆனால் பொதுமக்களிடையே எழுந்த பேச்சு வேறு விதமாக இருந்தது. சமூக வலைத்தளங்களில் ஏராளமானோர் கைதானவருக்காகப் பரிந்து பேசினர். தியேட்டர் டிக்கெட்டும் தின்பண்டமும் விற்கிற விலையில், நாலு பேர் கொண்ட குடும்பம் எப்படிப் படம் பார்ப்பது என்று கேட்டனர். சட்டம் ஒருவரைத் திருடர் என்கிறது. ஜனங்களில் ஒரு பகுதியினரோ அவரை உபகாரி என்கின்றனர். இந்த முரண்பாடு அலட்சியப்படுத்தத் தக்கது அல்ல.

இதே தகராறு வீடியோ விளையாட்டுத் துறையில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அங்கே விவகாரம் இன்னும் தெளிவாகத் தெரியும். காரணம், அங்கே நகல் எடுப்பவர் ஒரு பக்கம் என்றால், பூட்டுப் போடும் கம்பெனி மறுபக்கம் கண்ணெதிரே நிற்கிறது. இருவர் செயலையும் தனித்தனியே எடை போட்டால்தான் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்று சொல்ல முடியும்.

கேசட் காலத்தில் இருந்து...

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாளிலேயே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. 1976-ம் ஆண்டு பிப்ரவரியில், 20 வயது இளைஞராக இருந்த பில் கேட்ஸ், தாம் எழுதிய புரோகிராமைப் பெரும்பாலோர் காசு கொடுக்காமலே நகல் எடுத்துக் கொள்கின்றனர் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். இப்படிச் செய்தால் நல்ல புரோகிராம்களை யார் எழுதுவார்கள் என்பது அவருடைய கேள்வி.

1980-களில் மேல்நாடுகளில் விளையாட்டுகள் பாட்டுக் கேசட்டுகளிலேயே பதிவாகி வந்தன. இரண்டு டேப் ரிக்கார்டர் இருந்தால் நகல் தயார். கம்பெனிகள் பல தந்திரங்களைச் செய்தன. விளையாட்டைத் தொடங்கும் முன் ‘கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் உள்ள சொல்லைத் தட்டு’ என்று டி.வி. திரை கேட்கும். கையேடு இல்லாதவருக்கு விளையாட்டு இல்லை. 1985-ல் ‘எலீட்’ என்ற விளையாட்டுடன் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி வந்தது. திரையில் கலைந்து தெரியும் எழுத்துகளை அதன் வழியே பார்த்துப் படிக்க வேண்டும். டி.வி. பெட்டி மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ இருந்துவிட்டால் கண்ணாடி உதவாது. காசு கொடுத்து வாங்கியவர் விழித்துக் கொண்டிருப்பார். நகல் எடுத்துப் பழகியவரோ பூட்டை நீக்கிய கேசட்டில் விளையாடிக் கொண்டிருப்பார்.

நம் நாட்டுக்கு இந்த மோகம் 1990-களில் பெருவாரியாக வந்தது. டி.வி.யில் மாட்டும் பெட்டியையும், ‘999 விளையாட்டுகள்’ என்று லேபிள் ஒட்டிய கேசட்டையும், மரியோவையும், கான்ட்ராவையும் அறியாத பிள்ளைகள் அன்று குறைவு. 999 என்று போட்டிருந்தாலும் சில விளையாட்டுகளே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். வாங்கிய தகப்பனார்களில் பலருக்கு அது நகல் என்பதே தெரியாது. அசல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது.

பிறகு சி.டி. வந்தது. சோனியின் பிளே ஸ்டேஷன் பெட்டி 1994-ல் ஜப்பானில் வெளியாயிற்று. அதன் அசல் தட்டில் ஒரு மறைவான அடையாளம் உண்டு. வீட்டில் சி.டி. எழுதும் கருவியால் அந்த அடையாளத்தைப் பதிக்க முடியாது. பெட்டி முதலில் அதைத் தேடும், இல்லாவிட்டால் ஓடாது. இதற்கு மாற்றாக, விரல் நகம் அளவு சிப் ஒன்றைப் பெட்டிக்குள் சால்டரிங் வைத்துப் பொருத்தும் வித்தை உலகெங்கும் பரவியது. ‘அடையாளம் இருக்கிறது’ என்று அந்த சிப் பெட்டிக்குப் பொய் சொல்லும். நகல் தட்டும் ஓடும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அந்தப் பூட்டு நகல் தட்டை மட்டும் தடுக்கவில்லை. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ முழு விலை கொடுத்து வாங்கிய அசல் தட்டையும், வேறு பிராந்தியத்துக்கு விற்ற பெட்டி ஏற்காது. ஆக, ஒரே பூட்டு இரண்டு வேலை செய்தது. ஒன்று, திருட்டைத் தடுப்பது. மற்றொன்று, வாங்கியவரின் கையைக் கட்டுவது. முதல் வேலையில் நியாயம் உண்டு. இரண்டாவதில் என்ன நியாயம்?

நஷ்டம் யாருக்கு?

நகல் வாங்குவோர் சொல்லும் முதல் சமாதானம் விலை. பெரிய கம்பெனிகளின் புதிய விளையாட்டு ஒன்று இன்று 4 ஆயிரம், 5 ஆயிரம் ரூபாய் வரை விற்கிறது. மாதச் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சம் பார்க்கும் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. இரண்டாவது சமாதானம், ‘நகல் கிடைக்காவிட்டாலும் நாங்கள் அசலை வாங்கப் போவதில்லை, ஆகவே கம்பெனிக்கு நஷ்டம் இல்லை’ என்பது.

இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அல்ல. வசதி இல்லாத ஒரு பையன் நண்பனிடம் நகல் வாங்கி விளையாடுவதும், ஆயிரக்கணக்கில் நகல் எடுத்துக் கல்லாப் பெட்டி நிரப்புவதும் ஒரே தராசில் நிற்க மாட்டா. பின்னவர் ஏழைக்கு உபகாரம் செய்வதாகச் சொல்லிக் கொண்டாலும், அடுத்தவர் உழைப்பை விற்றே பணம் சேர்க்கிறார்.

இலவசம் என்பதும் பெரும்பாலும் இலவசம் அல்ல. பூட்டு நீக்கிய விளையாட்டை இணையத்தில் இறக்கும்போது, பாஸ்வேர்டையும் வங்கி விவரங்களையும் திருடும் வைரஸ் கூடவே இறங்குவது உண்டு. ஐபொம்மா விவகாரத்திலும், அந்தத் தளம் சூதாட்டச் செயலிகளுக்கு விளம்பரம் செய்து ஆதாயம் தேடியது என்றே போலீசார் கூறினர். ஆன்லைன் சூதாட்டத்தைத் தெலங்கானா அரசு 2017-லேயே தடை செய்துவிட்டது. படம் இலவசம் என்று உள்ளே போன பையன் சூதாட்டத்தில் சம்பளத்தை விட்டால், அந்த டிக்கெட்டின் விலை என்ன என்பதைப் பெற்றோர் கணக்கிட வேண்டும்.

மேலும், விளையாட்டு என்பது இன்று எங்கோ ஜப்பானில் மட்டும் தயாராகும் சரக்கு அல்ல. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் அலுவலகம் ஐதராபாத்திலேயே இயங்குகிறது. அனிமேஷன், விளையாட்டுத் தொழில்களை வளர்க்கத் தெலங்கானா அரசு 2016-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. படம் வரைவோர், புரோகிராம் எழுதுவோர், விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்போர் என்று இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் பலர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கடன் வாங்கித் தயாரிக்கும் சிறு விளையாட்டுகளும் உண்டு. பெரிய கம்பெனி நஷ்டத்தைத் தாங்கும். கடன் வாங்கியவர் தாங்க மாட்டார். ஒரே வீட்டில் தம்பி நகல் தட்டு வாங்க, அண்ணன் அந்தத் தொழிலில் வேலை தேடும் நிலைமை இன்று உண்டு என்பதை மறக்கலாகாது.

பூட்டு யாரைக் கடிக்கிறது?

அப்படியானால் கம்பெனிகள் போடும் பூட்டு எல்லாமே சரியா என்றால், அதுவும் இல்லை.

2005-ம் ஆண்டு சோனி பி.எம்.ஜி. என்ற இசைக் கம்பெனி, பாட்டு சி.டி.களில் ஒரு ரகசிய புரோகிராமைச் சேர்த்து விற்றது தெரிய வந்தது. காசு கொடுத்து வாங்கிய சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால், அந்தப் புரோகிராம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே புகுந்து ஒளிந்து கொள்ளும். வைரஸ்கள் பதுங்கவும் அது வழி செய்தது. கடும் எதிர்ப்பு எழுந்தபின் கம்பெனி அந்த சி.டி.களைத் திரும்பப் பெற்றது. இணையத்தில் கள்ளத்தனமாகப் பாட்டு இறக்கியவருக்கு இந்தத் தொல்லை வரவில்லை. கடைக்குப் போய் வாங்கியவருக்கே வந்தது.

2013 மார்ச்சில் ‘சிம் சிட்டி’ என்ற விளையாட்டு வெளியானது. தனியாக விளையாடினாலும் இணைய இணைப்பு இருந்தே தீர வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நாட்களில் கம்பெனியின் சர்வர்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. பணம் கட்டியவர்கள் வாசலில் நின்றனர். இணைப்பு இல்லாமல் விளையாட ஓராண்டு கழித்தே வழி செய்யப்பட்டது.

இதைவிடப் பெரியது ‘தி க்ரூ’ விவகாரம். யூபிசாஃப்ட் கம்பெனி 2014-ல் வெளியிட்ட இந்தக் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-ம் தேதி நிறுத்திவிட்டது. அன்றோடு விளையாட்டும் முடிந்தது. அலமாரியில் அசல் தட்டு இருந்தும் பயன் இல்லை. இதன் விளைவாக எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். விற்ற பொருளைக் கம்பெனி கைவிடும்போது, வாங்கியவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்த வழி விட்டுச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டப்படி, டிஜிட்டல் சரக்கை விற்போர் ‘இது சொந்தம் அல்ல, அனுமதி மட்டுமே’ என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ரெயிலில் டிக்கெட் இல்லாதவர் பின்வாசல் வழியே நழுவிவிட, டிக்கெட் எடுத்தவரை மட்டும் நாலு இடத்தில் நிறுத்திச் சோதித்தால் எப்படி இருக்கும்? பல பூட்டுகள் அப்படித்தான் வேலை செய்கின்றன.

ஐதராபாத் வழக்கு

பூட்டு பற்றிய முக்கியமான வழக்கு ஒன்று ஐதராபாத்திலேயே நடந்திருக்கிறது. அது விளையாட்டு பற்றியது அல்ல, செல்போன் பற்றியது. ஆனால் கேள்வி அதே கேள்விதான்: காசு கொடுத்தவர் கையில் இருக்கும் கருவியின் பூட்டைத் திறக்கலாமா?

ரிலையன்ஸ் இன்போகாம் கம்பெனி அப்போது ஒரு திட்டம் அறிவித்திருந்தது. ரூ.10,500 மதிப்புள்ள செல்போனை முதல் தவணையாக ரூ.3,350 கட்டிப் பெறலாம், மாதம் ரூ.600 வீதம் 3 ஆண்டுகள் கட்டி வர வேண்டும். அந்தப் போன் ரிலையன்ஸ் சேவையில் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருந்தது. போட்டிக் கம்பெனியான டாடா இண்டிகாம் ஊழியர்கள் சிலர், அந்தப் போன்களின் எண்ணை மாற்றித் தங்கள் சேவைக்கு இழுத்துக் கொண்டனர் என்பது புகார். சி.ஐ.டி. போலீசார் 2003-ல் வழக்குப் பதிவு செய்தனர். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், சதி ஆகியவற்றோடு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65-வது பிரிவும், காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவும் சேர்க்கப்பட்டன.

வழக்கை ரத்து செய்யக் கோரி ஊழியர்கள் ஆந்திர ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2005 ஜூலையில் தீர்ப்பு வந்தது. செல்போனும் சட்டப்படி ஒரு கம்ப்யூட்டர்தான் என்று ஐகோர்ட்டு கூறியது. மோசடி, சதி போன்ற இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவையும், காப்புரிமைச் சட்டப் பிரிவையும் ரத்து செய்ய மறுத்து, 3 மாதங்களுக்குள் விசாரணையை முடிக்கும்படி போலீசாருக்கு உத்தரவிட்டது. குற்றம் நிரூபணமாயிற்று என்பது இதன் பொருள் அல்ல. விசாரிக்க இடம் உண்டு என்பதே பொருள்.

இந்த வழக்கில் இரு பக்கமும் பார்க்க வேண்டும். குறைந்த முன்பணத்தில் போன் கொடுத்த கம்பெனிக்கு பாக்கி வர வேண்டியிருந்தது. பூட்டு அந்தப் பாக்கிக்கு ஜாமீன் போல இருந்தது. பாக்கி வைத்துவிட்டு எதிர்க் கம்பெனிக்குப் போவது நியாயம் ஆகாது. ஆனால் அங்கே யாரும் ஒரு பாட்டையோ படத்தையோ விளையாட்டையோ நகல் எடுத்து விற்கவில்லை. எழுத்தாளரையும் கலைஞரையும் காக்கப் பிறந்த காப்புரிமைச் சட்டம், வாடிக்கையாளரைக் கட்டி வைக்கும் பூட்டுக்கும் காவல் நின்றது. நகல் விற்பது ஒன்று. கையில் உள்ள பொருளின் பூட்டைத் திறப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், கம்பெனி எந்தப் பூட்டைப் போட்டாலும் அதைத் திறப்பது சிறைக் குற்றம் ஆகிவிடும்.

சட்டம் போட்ட கோடு

பின்னாளில் நம் நாடாளுமன்றம் இந்த வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தது என்றே சொல்ல வேண்டும். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் 65-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. பூட்டை உடைப்பது குற்றம், 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்திருக்க வேண்டும். சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகத் திறப்பது குற்றம் இல்லை. அதற்கு உதவி செய்யும் கடைக்காரர், வந்தவரின் பெயர், விலாசம், எதற்காகத் திறந்தார் என்ற விவரங்களைக் குறித்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த விவரம் பழுது பார்க்கும் கடைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டியது.

அமெரிக்காவின் 1998-ம் ஆண்டுச் சட்டம் இப்படி அல்ல. அங்கே திறப்பதே குற்றம். விதிவிலக்கு வேண்டுவோர் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மனுப் போட வேண்டும். இந்த விஷயத்தில் நம் சட்டம் மேலானது எனலாம்.

முறையாகப் பெற்ற புரோகிராமுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக் கொள்ளவும் நம் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. அதே சமயம் 63-பி பிரிவு கண்டிப்பானது. கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை விதிக்காமல் ரூ.50 ஆயிரம் வரை அபராதத்தோடு கோர்ட்டு விடலாம். வீட்டுப் பையனுக்கு இந்தச் சலுகை பொருந்தலாம். டைப்பிங், ஜெராக்ஸ், டி.டி.பி. கடை நடத்துவோருக்குப் பொருந்தாது. அவர்கள் கள்ளப் பிரதியைக் கைவிட்டு, லினக்ஸ் போன்ற இலவசமாகவே தரப்படும் புரோகிராம்களுக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

தண்டனையிலும் ஓர் அளவு வேண்டும். திருட்டு வீடியோ விற்போரைத் தமிழக அரசு 2004-ல் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. விசாரணை இன்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கும் சட்டம் அது. அமெரிக்காவில் நின்டெண்டோ பெட்டியின் பூட்டை உடைக்கும் கருவிகளை விற்ற குழுவில் இருந்த கனடா நாட்டவர் ஒருவருக்கு 2022-ல் 40 மாதச் சிறை கிடைத்தது. அவர் கட்ட வேண்டிய தொகை மொத்தம் 1 கோடியே 45 லட்சம் டாலர். ஆயுள் முழுதும் உழைத்தாலும் தீராத கடன் அது. பயம் காட்டுவதற்காக ஒருவரை நசுக்குவது நீதி ஆகாது.

வழி என்ன?

தண்டனையை மட்டும் நம்பாமல் வென்ற உதாரணமும் உண்டு. போலந்து நாட்டில் 1990-களில் அசல் விளையாட்டு வாங்குவோர் அபூர்வம். அங்கே சி.டி. ப்ராஜெக்ட் என்ற சிறு கம்பெனி, 1999-ல் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற விளையாட்டைப் போலிஷ் மொழியில் பேச வைத்து, வரைபடம், கையேடு எல்லாம் சேர்த்துப் பெட்டியில் போட்டு விற்றது. நகல் விற்பவரால் தர முடியாத சரக்கை அசல்காரர் தந்தார், ஜனங்கள் வாங்கினார்கள். அதே கம்பெனி பின்னர் தானே விளையாட்டு தயாரித்தது. 2015-ல் வெளியான அதன் ‘விட்சர் 3’ விளையாட்டைத் தன் சொந்த இணையக் கடையில் பூட்டே இல்லாமல் விற்றது. அப்படியும் அது உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அமெரிக்கச் சம்பளத்துக்கு வைத்த விலையை அப்படியே ரூபாயாக மாற்றி இங்கே விற்பது வியாபாரத்துக்கும் நல்லதல்ல. தமிழிலோ தெலுங்கிலோ பேசும் விளையாட்டு நியாய விலையில் கிடைத்தால், நடைபாதைத் தட்டைத் தேடிப் போவோர் குறைவர். சர்வரை நிறுத்தும் கம்பெனி, அதற்கு முன் பூட்டைத் தானே திறந்துவிட வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். இது கூடாத காரியம் அல்ல. அதே போல், விற்கும்போதே ‘எத்தனை நாளைக்கு ஓடும்’ என்று பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லலாம். மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் காலாவதித் தேதி போடுகிற நாட்டில் விளையாட்டுக்குப் போடக் கூடாதா?

பெற்றோருக்கும் கடமை உண்டு. பிள்ளை நகல் தட்டு கேட்டால் ‘போலீஸ் பிடிக்கும்’ என்று பயமுறுத்துவது மட்டும் போதாது. அதைத் தயாரித்தவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான் என்பதைச் சொல்ல வேண்டும். செகண்ட்-ஹேண்ட் அசல் தட்டு வாங்கலாம். படித்து முடித்த புத்தகத்தைப் போல அதைக் கைமாற்றிக் கொள்ளலாம். முறையாகவே இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளும் ஏராளம். வாங்கிய பொருளின் பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது, நாளை பூட்டு பற்றிய கேள்வி வரும்போது கை கொடுக்கும்.

அடுத்தவர் உழைப்பை நகல் எடுத்து விற்பவரைச் சட்டம் தண்டிக்கட்டும். அதில் பரிவு காட்ட இடமில்லை. ஆனால் காசு வாங்கிக் கொண்டு பொருளைக் கொடுத்தபின், சாவியை மட்டும் தன் பையிலேயே வைத்திருக்கும் கம்பெனியையும் அதே சட்டம் கேள்வி கேட்க வேண்டும். இரண்டையும் செய்தால்தான், சட்டம் திருடர் என்று சொல்கிறவரை ஜனங்கள் உபகாரி என்று கொண்டாடும் நிலைமை மாறும்.